மலையாறுகள் சுமக்கும் மண்: மேல் மகாவலிப் பிரதேசத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

மலைநாட்டு ஆறுகள் மழைக்காலத்தில் செந்நிறமாகப் பெருகியோடுவது நமக்கு மிகப் பழகிப்போன காட்சி. செம்மண்ணோடு மழைநீர் கலப்பதைக் காதலர் நெஞ்சக் கலப்புக்கு உவமையாக்கிய குறுந்தொகைப் புலவன் முதல், வையையின் புதுப்புனலைப் பாடிய பரிபாடற் புலவர்கள் வரை, நீரின் நிறமாற்றத்தைப் பாடியோர் நம் மரபில் பலர். அந்நீரில் எவ்வளவு மண் போகிறது, அது எங்கிருந்து வருகிறது, அதைத் தீர்மானிப்பது எது என்பன வேறு வகை வினாக்கள். கடந்த நூறாண்டுக் காலத்திலேயே இவ்வினாக்கள் முறையாக எழுப்பப்பட்டன. இலக்கிய மாணவர் ஒருவர் இத்துறையினுள் புகுவது ஏன் என்று வாசகர் வினவக்கூடும். மலையாற்று மண் பற்றி எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி, வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ, குற்றஞ்சாட்டும் எழுத்தாக அமைந்துள்ளமையே காரணம். மண் போனதற்கு யார் பொறுப்பு என்ற தீர்ப்பு, மண் எவ்வாறு போகிறது என்ற ஆராய்ச்சிக்கு முன்னரே பல வேளைகளில் எழுதப்பட்டுவிடுகிறது.

முதலில் அடிப்படையான சில விடயங்கள். ஆறு தன் சுமையை மூன்று வகையாகக் கொண்டு செல்கிறது: நீரிற் கரைந்த உப்புக்கள், நீரோடு மிதந்து செல்லும் நுண்மணலும் களியும், படுகையின் மீது உருண்டும் துள்ளியும் நகரும் பருமணலும் கற்களும். நீரை நிறமாக்குவது இரண்டாவது வகை. உலகின் பெரும்பாலான ஆறுகளில் அளவிடப்படுவதும் அதுவே. மூன்றாவது வகையை அளப்பது மிகக் கடினமாதலால், அது பெரும்பாலும் மதிப்பீடாகவே கணக்கிற் சேர்க்கப்படுகிறது. ஓராற்றின் மண்சுமையை நிர்ணயிப்பவை இரண்டு: ஆற்றுக்குக் கிடைக்கும் மண்ணின் அளவும், கிடைத்ததைக் கொண்டு செல்ல ஆற்றுக்குள்ள வலுவும். சமவெளி ஆறுகளிற் குறைவாயிருப்பது பெரும்பாலும் வலு. செங்குத்தான மலையாறுகளில் வலுவுக்குப் பஞ்சமில்லை. அங்கு கேள்வி, சாய்வுகள் எவ்வளவு மண்ணை ஆற்றுக்குக் கொடுக்கின்றன என்பதே. எனவே மலையாற்றின் வரலாறு உண்மையில் அதன் சாய்வுகளின் வரலாறாகும்.

1992 ஆம் ஆண்டு மில்லிமன், சிவிட்ஸ்கி என்னும் இருவர் கடலிற் சேரும் 280 ஆறுகளின் தரவுகளை ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வு, அதுவரை நிலவிய எண்ணத்தைப் பெரிதும் மாற்றியது. கங்கை, அமேசன், மஞ்சளாறு ஆகிய பேராறுகளே கடலுக்கு மண் சேர்ப்பவை என்ற கருத்து அதுவரை வலுவாயிருந்தது. மலையில் உற்பத்தியாகி விரைவிற் கடலையடையும் சிற்றாறுகள், சதுர கிலோமீற்றர் ஒவ்வொன்றுக்கும் பேராறுகளை விடப் பன்மடங்கு மண்ணைக் கொண்டுவருகின்றன என அவர்கள் காட்டினர். நீரேந்து பரப்புச் சிறுத்தால் ஒரு சதுர கிலோமீற்றருக்கான மண்சுமை கூடுகிறது. காரணம் எளிது: பேராற்றுக்கு வெள்ளச் சமவெளிகள் உண்டு, வளைவுகள் உண்டு, சதுப்பு நிலங்கள் உண்டு, மலையில் அரித்த மண்ணில் ஒரு பங்கு வழியிலேயே தங்கிவிடுகிறது. மலையிலிருந்து நேரே கடலில் விழும் ஆற்றுக்குத் தங்குமிடம் இல்லை.

மழை கூடினால் அரிப்புக் கூடும் என்பது பொதுவறிவுக்கு ஏற்ற விடை. ஆனால் 1958 இல் லங்பைன், ஷும் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் தம் நாட்டு ஆற்றுத் தரவுகளைக் கொண்டு, ஆண்டுக்கு ஏறத்தாழ 300 மில்லிமீற்றர் பயனுறு மழை பெறும் அரைவறட்சிப் பகுதிகளிலேயே மண்சுமை உச்சம் பெறுகிறது என்றும், அதற்கு மேல் மழை கூடக்கூடத் தாவரப் போர்வை அடர்ந்து மண்ணைக் காப்பதால் சுமை குறைகிறது என்றும் காட்டினர். மழையே அரிப்பதற்கும் காப்பதற்கும் காரணமாகிறது. இதனினும் தெளிவான இயங்கியல் உதாரணத்தைப் பாடநூலிற் காண்பதரிது. பின்வந்த தரவுகள் இவ்வளைகோடு எல்லாக் கண்டங்களுக்கும் பொருந்தாதெனக் காட்டியபோதும், நடுவிலே நிற்கும் தாவரத்தை நீக்கிவிட்டு மழையையும் மண்ணையும் நேரே தொடர்புபடுத்த முடியாது என்ற உண்மை நின்றது. அத்தாவரம் எது என்பதையும், அது எப்போது வெட்டப்படும் என்பதையும் முடிவு செய்வது, குடியேற்றவாத காலத்திலிருந்து, இயற்கை மட்டுமன்று.

தாய்வானை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 36,000 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள அத்தீவின் ஆறுகள் 1970 முதல் 1999 வரையான காலத்தில் ஆண்டொன்றுக்குச் சராசரியாக 384 மில்லியன் தொன் மிதவை மண்ணைக் கடலிற் சேர்த்தன என 2003 இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது. சதுர கிலோமீற்றருக்கு 10,000 தொன்னுக்கு மேல். இதற்குத் தாய்வானிய விவசாயியைக் குற்றஞ்சாட்டுவது பேதைமை. அங்கு இரண்டு புவியோட்டுத் தட்டுகள் மோதுகின்றன, மலைகள் தொடர்ந்து உயர்கின்றன, பாறைகள் நொறுங்கியவை, சூறாவளிகள் ஆண்டுதோறும் வருகின்றன. 1999 செப்ரெம்பர் 21 ஆம் திகதி நிகழ்ந்த சி-சி நிலநடுக்கம் ஆயிரக்கணக்கான மண்சரிவுகளை ஒரே இரவில் உண்டாக்கியது. அதன்பின் சோசுயி ஆற்றில், அதே அளவு நீருக்கு, ஏறத்தாழ நான்கு மடங்கு மண் ஓடியது. அது பழைய நிலைக்குத் திரும்பச் சில ஆண்டுகள் பிடித்தன. மண்ணின் ஒவ்வொரு துகளையும் முதலாளித்துவத்தின் கணக்கில் எழுதிவிடுவதும் ஒருவகைச் சிந்தனைச் சோம்பல் என்பதை முற்போக்கு வாசகர் தாய்வானிலிருந்து கற்றுக்கொள்ளலாம்.

இதற்கு எதிர்த்திசையிலான சோம்பலுக்கு இமயமலை விவாதம் சான்று. 1970களின் நடுப்பகுதியில் எரிக் எக்ஹோம் முதலியோரின் எழுத்துக்களால் பரவிய கருத்து இது: நேபாள மலைகளிற் சனத்தொகை பெருகுகிறது, ஏழை விவசாயி விறகுக்கும் நிலத்துக்குமாகக் காட்டை அழிக்கிறான், மண் அரிபடுகிறது, கங்கைச் சமவெளியும் வங்காளமும் வெள்ளத்தில் மூழ்குகின்றன. ஒவ்வொரு படியும் அடுத்ததற்குத் தர்க்கரீதியாக இட்டுச்செல்வதாகத் தோன்றியமையே இக்கருத்தின் கவர்ச்சி. அனைத்துலக உதவி நிறுவனங்களும் அரசுகளும் இதைத் தயக்கமின்றி ஏற்றன. 1989 இல் ஐவ்ஸ், மெசர்லி இருவரும் 'இமாலயச் சிக்கல்' என்ற பொருள்பட்ட தலைப்பில் எழுதிய நூலில் இச்சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் சோதித்து, பெரும்பாலானவற்றுக்கு அளவீட்டு ஆதாரம் இல்லையென நிறுவினர். இமயம் உயர்ந்துகொண்டிருக்கும் மலை. அதன் சரிவுகளில் மண்சரிவு மனிதன் வரும் முன்னரே இருந்தது. விவசாயி கட்டிய படிக்கட்டு வயல்கள் பல இடங்களில் மண்ணைத் தடுத்தே வைத்தன. 1993 யூலையில் நேபாளத்தின் திஸ்துங்கில் 24 மணி நேரத்தில் 540 மில்லிமீற்றர் மழை கொட்டியபோது, குலேகானி நீர்த்தேக்கத்தில் பல ஆண்டுகளிற் சேரவேண்டிய வண்டல் ஒரே வெள்ளத்திற் சேர்ந்தது. அதை எந்தக் குடும்பத்தின் விறகுக் கட்டோடு தொடர்புபடுத்துவது?

இவ்விரு துருவங்களுக்கிடையே நமது மத்திய மலைநாடு மிக வினோதமான ஓரிடத்தைப் பெறுகிறது. வினோதம் என்ற சொல்லைத் தெரிந்தே கையாள்கிறேன். மலைச்சாய்வு செங்குத்தானது. ஆண்டு மழை 2,000 முதல் 5,000 மில்லிமீற்றர் வரை. வெப்பமும் ஈரமும் பாறையைச் சிதைப்பதற்கு ஏற்றவை. பாடநூற் சூத்திரங்களின்படி இம்மலைகள் வேகமாக அரிபட வேண்டும். ஆனால் இங்கு தட்டுகளின் மோதல் இல்லை. மிகப் பழைய, கடினமான உருமாறிய பாறைகளால் ஆன நிலம், நெடுங்காலமாகப் பெரும் மேலுயர்ச்சியின்றிக் கிடக்கிறது. மலை உயராதபோது ஆற்றுக்குக் கீழ்நோக்கி வெட்டும் தேவை குறைகிறது. காட்டின் வேர்கள் பிடித்திருக்கும் தடித்த மண்போர்வை அப்படியே கிடக்கிறது. அவ்வாறாயின் இயற்கையான அரிப்பு எவ்வளவு?

இதற்கு விடை காணும் முறை ஒன்று அண்மைப் பதிற்றாண்டுகளில் உருவானது. விண்வெளியிலிருந்து வரும் அண்டக்கதிர்கள் நிலமேற்பரப்பிலுள்ள குவாட்சுக் கனியத்தைத் தாக்கும்போது பெரிலியம்-10 என்னும் அரிய அணுவகை மிகச் சிறிய அளவில் உண்டாகிறது. மேற்பரப்பிலிருந்து ஓரிரு மீற்றர் ஆழத்துக்குக் கீழே இது மிகக் குறைவு. ஆகவே ஒரு மணற்றுகள் மேற்பரப்பை அண்மி நீண்டகாலம் கிடந்திருந்தால் அதிற் பெரிலியம் கூடும். நிலம் விரைவாக அரிபட்டிருந்தால் குறையும். ஆற்று மணலில் ஒரு பிடியை எடுத்து ஆய்ந்தால், அவ்வாற்றின் நீரேந்து பரப்பு முழுவதும் பல்லாயிரம் ஆண்டுகளாக எவ்வேகத்தில் அரிபட்டது என்ற சராசரியைப் பெறலாம். நூறு, நூற்றைம்பது ஆண்டுகளில் மேல்மண் அள்ளுண்டு போயிருந்தாலும் இக்கணக்கு அதிகம் குழம்புவதில்லை. மேல்மண் இயற்கையாகவே கலந்து கிடப்பதால், எஞ்சிய மணல் பழைய வேகத்தையே நினைவில் வைத்திருக்கிறது. காலனித்துவத்துக்கு முற்பட்ட மலைநாட்டைப் பற்றிய சாட்சியம் இன்றைய ஆற்று மணலிலேயே கிடக்கிறது என்பது வரலாற்று மாணவரையும் மகிழ்விக்கக்கூடிய செய்தி.

ஹேவாவசம், வொன் பிளாங்கன்பேர்க் முதலியோர் மேல் மகாவலி நீரேந்துப் பிரதேசத்தில் இம்முறையைக் கையாண்டு 2003 இல் வெளியிட்ட முடிவுகள் வருமாறு. இயற்கை அரிப்பு ஆண்டுக்குச் சதுர கிலோமீற்றருக்கு 13 முதல் 30 தொன். உலக மலைநாடுகளின் வரிசையில் இது மிகக் கீழே நிற்கும் அளவு. தாய்வானின் முன் வைத்துப் பார்க்கவே முடியாத எண். அதே பிரதேசத்து ஆறுகளில் இக்காலத்தில் அளக்கப்பட்ட மண்சுமையோ 130 முதல் 2,100 தொன். பயிர்செய்கை நிலங்களிலிருந்து பெயரும் மண் சில இடங்களில் 7,000 தொன் வரை எட்டுகிறது. சுருங்கச் சொன்னால், மண் உருவாகும் வேகத்தைப் போல் பத்து முதல் நூறு மடங்கு வேகத்தில் அது பெயர்கிறது.

இவ்வொப்பீட்டின் வலுவை உணர இன்னொரு ஆய்வை நினைவுகூர வேண்டும். அமெரிக்காவின் ஐடஹோ மலைகளில் கேர்ச்னர் முதலியோர் இதே முறையில் நீண்டகால அரிப்பைக் கணித்து 2001 இல் வெளியிட்டபோது, அது ஆற்றளவீடுகளால் அறியப்பட்டதைப் போல் சராசரி 17 மடங்காயிருந்தது. அதாவது அங்கு அரிப்பின் பெரும்பகுதி, காட்டுத் தீக்குப் பின் வரும் பெருமழை போன்ற மிக அரிய பேரழிவுகளில் நிகழ்கிறது. சில பத்தாண்டு அளவீட்டில் அவை அகப்படுவதில்லை. பொதுவாகக் குறுங்கால அளவீடு உண்மையைக் குறைத்தே காட்டும். மலைநாட்டிலோ குறுங்கால அளவீடு நீண்டகாலச் சராசரியை இத்தனை மடங்கு விஞ்சி நிற்கிறது. பிழை இருக்குமாயின், இன்றைய நிலைமையைக் குறைத்துக் காட்டும் திசையிலேயே அது இருக்கும்.

ஆகவே மேல் மகாவலியில் இயற்கை அமைதியாயிருந்த ஓரிடத்தில் சமூகம் செயற்பட்டிருக்கிறது. இங்கே 'மனிதன்' என்ற பொதுச்சொல் போதாது. எந்த மனிதன், எந்த உற்பத்தி உறவுகளுக்குள் நின்று?

1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டம், உறுதிகாட்ட முடியாத காட்டையும் சேனை நிலத்தையும் முடியின் உடைமையென அனுமானித்தது. அந்நிலம் கோப்பிப் பயிருக்காக விற்கப்பட்டது. காடு வெட்டி எரிக்கப்பட்டது; சாம்பல் சில ஆண்டுகளுக்குப் பசளையாயிற்று. ஏங்கெல்ஸ், மனிதக் குரங்கு மனிதனானதில் உழைப்பின் பங்கு பற்றி 1876 இல் எழுதிய கட்டுரையில் இதே நிகழ்ச்சியைக் கியூபாவை வைத்துக் கூறியுள்ளார்: ஸ்பானியத் தோட்டக்காரர் மலைச்சாய்வுக் காட்டை எரித்து ஒரு தலைமுறைக் கோப்பிக்குப் போதுமான சாம்பலைப் பெற்றனர், பின்னர் வெப்பவலய மழை மண்ணை அடித்துச் சென்று வெறும் பாறையை விட்டதைப் பற்றி அவர்கள் கவலைப்படவில்லை. அவர் இலங்கையைக் குறிப்பிடவில்லை. குறிப்பிட்டிருந்தாலும் வாக்கியத்தை மாற்ற வேண்டியிருந்திராது. அவ்வேளையில் இங்கு 1869 இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியைத் தின்றுகொண்டிருந்தது. 1873 இல், தாவரவியலறிஞர் யோசப் ஹூக்கரின் ஆலோசனையை அடுத்து, 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை அழிப்பது தடுக்கப்பட்டது. பிதுறுதலாகலை முதலான உச்சிகளில் இன்றும் காடு எஞ்சியிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அந்த எல்லைக்குக் கீழே எஞ்சியது குறைவு.

கோப்பியின் இடத்திற் தேயிலை வந்தது. தேயிலை நன்கு மூடி வளர்ந்தால் மண்ணைத் தக்கவைக்கும் பயிரே. தீங்கு வந்தது நடுகைக்கும் செடி மூடுவதற்கும் இடைப்பட்ட ஆண்டுகளிலும், செடிகள் செத்து இடைவெளி விழுந்த பழைய விதைத் தேயிலையிலும், எல்லாவற்றுக்கும் மேலாகப் புல்லொன்றும் விடாமற் சுரண்டியெடுக்கும் களையெடுப்பு முறையிலும். தோட்டம் 'துப்புரவாக' இருப்பது துரையின் திறமைக்குச் சான்றாகக் கருதப்பட்டது. அத்துப்புரவைச் செய்த கைகள் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளருடையவை. அதே கைகளே மண்ணைக் காக்கும் வேலையையும் செய்தன. சாய்வுக்குக் குறுக்காகக் கான் வெட்டுவதும், நிறைந்த கானைத் தூர்வாருவதும், கல்லடுக்கி அணை கட்டுவதும் மலையகத் தொழிலாளரின் அன்றாட வேலைகள். கொழுந்து எடை கூடினால் அதே மாதம் கணக்கிற் தெரியும். கான் தூர்ந்தால் அடுத்த பருவமழையில் ஆற்றிற் தெரியும், கணக்கிற் தெரியாது. எனவே செலவைக் குறைக்க வேண்டி வந்தபோதெல்லாம் முதலில் வெட்டுப்பட்டது இவ்வேலையே. மண்ணரிப்புப் பற்றிய அரசாங்கக் குழுவின் அறிக்கை 1931 இல் வெளிவந்தது. மண்பாதுகாப்புச் சட்டம் 1951 இல் வந்தது. பிணியை எவரும் அறியாமலிருக்கவில்லை என்பதற்காகவே இவ்வாண்டுகளைக் குறிப்பிடுகிறேன்.

முழுப் பொறுப்பையும் தேயிலை மீது சுமத்துவது அளவீடுகளுக்குப் பொருந்தாது. செங்குத்துச் சாய்வுகளில் புகையிலையும் உருளைக்கிழங்கும் மரக்கறியும் பயிரிடப்படும் நிலங்கள், நன்கு பேணப்பட்ட தேயிலையை விட மிகுதியாக மண்ணை இழக்கின்றன. ஆண்டில் இருமுறை மும்முறை நிலம் கிளறப்படுகிறது. கிளறிய நிலத்தின் மேலேயே பருவமழை விழுகிறது. ஊமா ஓயா வடிநிலம் இதனால் பெயர்பெற்றது. இப்பயிர்களைச் செய்வோர் பெரும்பாலும் சிங்களக் கிராமத்துச் சிறுவிவசாயிகள், தோட்ட எல்லைகளில் தமிழரும் உளர். இவர்களை அறியாமைக்காரர் என வருணிக்கும் விரிவாக்க அறிக்கைகளுக்குக் குறைவில்லை. பியர்ஸ் பிளெய்க்கி 1985 இல் எழுதிய 'வளர்முக நாடுகளில் மண்ணரிப்பின் அரசியற் பொருளாதாரம்' என்ற பொருள்பட்ட நூல் இவ்வறிக்கைகளுக்குத் தக்க மறுப்பு. விவசாயி மண் போவதைக் காண்கிறான். ஆனால் நல்ல நிலம் பிறர் கையிலிருக்கிறது, கடனுக்குத் தவணை இருக்கிறது, சந்தைக்கு வேண்டியது இப்பயிர். பத்தாண்டுக்குப் பின் பலன் தரும் கல்லணைக்கு இப்பருவத்து உழைப்பை அவன் எங்கிருந்து எடுப்பான், அதுவும் நிலம் குத்தகையாயிருக்கும்போது? தோட்டத்திலும் இதே தர்க்கம் வேறு உருவில் இயங்குகிறது. 1972, 1975 ஆம் ஆண்டுகளில் அரசுடைமையான தோட்டங்கள் 1992 இல் கம்பனிகளின் முகாமைக்குச் சென்றன. உடைமை மாறியபோதும் சாய்வில் நிற்பவரின் நிலையில் மாற்றம் சிறிது.

இனி, சாய்விலிருந்து பெயர்ந்த மண் முழுவதும் உடனே ஆற்றை அடைவதில்லை. மேலே தந்த இரு எண்களுக்கும், அதாவது நிலத்திலிருந்து பெயரும் 7,000 தொன்னுக்கும் ஆற்றில் ஓடும் 2,100 தொன்னுக்கும், இடையிலான வேறுபாட்டைக் கவனிக்க. எஞ்சியது சாய்வின் அடியிலும் வயல்களிலும் ஓடைப் படுகைகளிலும் தங்கியிருக்கிறது. அது பிற்காலத்துக்கான இருப்பு. கலிபோர்ணியாவில் 1853 முதல் பொன் தேடி மலைகளை நீர்த்தாரையால் உடைத்தபோது வெளிப்பட்ட கற்குவியல், பள்ளத்தாக்கு விவசாயிகளின் வயல்களை மூடியது. அவர்கள் தொடுத்த வழக்கில் 1884 இல் அவ்வகைச் சுரங்கத் தொழிலை நீதிமன்றம் தடுத்தது. ஆயினும் மணல் அலை தொடர்ந்து கீழ்நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது என்பதைக் கில்பேர்ட் 1917 இல் வெளியிட்ட அறிக்கையில் விரிவாகக் காட்டினார். இன்று மேல் மகாவலியின் எல்லாச் சாய்வுகளையும் காடாக்கினாலும், ஓடைகளிற் தங்கிய மண் பல பத்தாண்டுகளுக்கு ஓடிவரும் என எதிர்பார்ப்பதே நியாயம்.

ஓடிவந்து சேருமிடம் நீர்த்தேக்கங்கள். 1976 இல் இயங்கத் தொடங்கிய பொல்கொல்லைத் தேக்கத்தின் கொள்ளளவில் 40 சதவீதத்துக்கு மேற்பட்டது 1988 அளவில் வண்டலால் நிறைந்திருந்தது. 1985 இல் முடிந்த கொத்மலை, விக்டோரியா, அடுத்த ஆண்டில் ரந்தெனிகல, 1990 இல் ரந்தம்பை எனத் தொடர்ந்த அணைகளுள், ஊமா ஓயாவின் மண்ணை நேரே பெறும் ரந்தம்பை சிறியதாதலால் விரைவிற் பாதிப்புற்றது. விக்டோரியா போன்ற பெருந்தேக்கம் நிறைய நெடுங்காலம் செல்லும். மகாவலியின் நீர்மின்சாரத்துக்கும் வறள்வலய வயல்களுக்கும் பெருந்தொகைக் கடன் வாங்கி அணை கட்டிய திட்டம், அந்த நீரை ஏந்தித் தரும் சாய்வுகளில் உழைப்போரின் நிலத்தைப் பற்றி மிகக் குறைவாகவே சிந்தித்தது.

நிலம் என்று சொல்லும்போது இன்னொரு செய்தியும் சேர்ந்து வருகிறது. மெதுவாக அரிபடும் மலைநாட்டில் ஆயிரமாயிரம் ஆண்டுகளாகச் சேர்ந்த தடித்த மண்போர்வை, அடர்மழையில் நீரை உறிஞ்சிக் கனத்து, ஒரே முறையிற் சரிந்துவிடவும் கூடும். தூர்ந்த கான்களும், சாய்வின் அடியை வெட்டியமைத்த பாதைகளும் அதை எளிதாக்குகின்றன. 2014 ஒக்ரோபர் 29 ஆம் திகதி காலை கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை மூடிய மண்சரிவு அத்தகையது. அச்சாய்வு ஆபத்தானதென முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. மக்கள் ஏன் வெளியேறவில்லை என்று பின்னர் பலர் வினவினர். லயத்தின் அறை தோட்டத்துக்குரியது. அதன் சுவருக்கு அப்பாலுள்ள நிலமும் தோட்டத்துக்குரியது. 1948 இல் குடியுரிமையையே இழந்த ஒரு சமூகத்தின் பேரப்பிள்ளைகளுக்குப் பெயர்ந்து செல்வதற்கென ஓரடி நிலமும் உறுதியில் இருக்கவில்லை. 2015 இன் பின் மலையகத்திற் கட்டப்பட்ட தனிவீடுகளுக்குக் குடும்பம் ஒன்றுக்கு ஏழு பேர்ச்சஸ் காணி என்ற அளவு வகுக்கப்பட்டது.